வாடகை ஷெட்டுக்குள் முழங்கால் தண்ணீர்!
6 வண்டிகள் மூழ்கின, "செலவு யாருடையது?" என்று தகராறு

வானம் கறுத்தால் சென்னை வேளச்சேரிவாசிகளுக்கு வயிற்றில் புளி கரைக்கும். கார் வைத்திருப்பவர்கள் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்திவிட்டு வருவார்கள். வாடகைக்கு ஷெட் பிடித்துத் தொழில் செய்பவர்கள் எங்கே போவார்கள்?

அப்படிப்பட்டவர்களில் ஒருவர் அந்த பைக் மெக்கானிக். ஒரு வீட்டின் கார் ஷெட்தான் அவருக்குக் கடை. மாத வாடகை 7 ஆயிரம் ரூபாய்.

2023-ம் ஆண்டு டிசம்பர் 4-ந்தேதி. மிக்ஜாம் புயல் மழை கொட்டித் தீர்த்தது. வேளச்சேரி மூழ்கியது. தெருத் தண்ணீர் வடிந்து, அவர் ஷட்டரைத் தூக்கவே 4 நாள் ஆனது.

"சுவத்துல முழங்கால் ஒசரத்துக்குக் கோடு. தரையெல்லாம் சேறு. ரிப்பேருக்கு வந்த 6 வண்டி உள்ளே நிக்குது. அதுல ஒண்ணுகூட என்னுது இல்லே சார்" என்கிறார்.

பின்பக்கமாக வந்த வெள்ளம்

வாசலில் மணல் மூட்டை அடுக்கியிருந்தார். பிறகு தண்ணீர் எப்படி வந்தது?

மூலையில், வண்டி கழுவும் தண்ணீர் போக ஒரு குழாய். தெருச் சாக்கடை நிரம்பியதும் அந்தக் குழாய் வழியாகவே தண்ணீர் திரும்பி வந்துவிட்டது! முன்வாசலை அடைத்தவர் பின்வாசலை மறந்துவிட்டார்.

இன்னொரு காரணமும் உண்டு. ரோட்டின் மேல் ரோடு போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது. ஷெட் பள்ளமாகிவிட்டது. அந்தப் பகுதித் தண்ணீர் போய்ச் சேரவேண்டிய பள்ளிக்கரணை சதுப்பு நிலமோ, கட்டிடங்கள் பெருகிச் சுருங்கிக் கிடக்கிறது.

"சாவியைத் தொடாதீங்க!"

வண்டிக்காரர் ஒருவர் ஓடி வந்து, "ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கட்டுமா?" என்றார். "சாவியைத் தொடாதீங்க சார்!" என்று மெக்கானிக் கத்தியேவிட்டார்.

என்ஜினுக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் உள்ளே கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சில நூறு ரூபாய் வேலை பல ஆயிரத்தில் போய் நிற்கும். ஆயிலைத் திறந்து பார்த்தார். 4 வண்டியில் பால் கலந்த டீ போல வந்தது. தண்ணீர் புகுந்ததற்கு அதுதான் அடையாளம்.

கழுவுவதற்கு முன்பே எல்லா வண்டிகளையும் போட்டோ எடுத்துக்கொண்டார். முழு இன்சூரன்ஸ் இருந்தால் வெள்ளச் சேதத்துக்குப் பணம் கேட்கலாம். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் இருந்தால் கிடைக்காது.

சேறு காயக்கூடாது

மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, கம்பூட்ஸ், கையுறை போட்டுக்கொண்டு இறங்கினார். சாக்கடை கலந்த தண்ணீரில் வெறுங்காலுடன் நின்றால் எலிக்காய்ச்சல் வரலாம்.

சேறு காய்ந்தால் சிமெண்டு மாதிரி இறுகிவிடும். அதனால் ஈரம் இருக்கும்போதே தண்ணீர் தெளித்து, சுவரை முதலில் கழுவி, பின்சுவரில் இருந்து வாசலை நோக்கித் தள்ளினார். அள்ளிய சேற்றைச் சாக்கடையில் தள்ளவில்லை, மூட்டை கட்டினார். சாக்கடையில் தள்ளியிருந்தால் அடுத்த மழைக்கு அதுவே அடைப்பு! கடைசியில் பிளீச்சிங் பவுடர். எலக்ட்ரீஷியன் வந்து பார்த்த பிறகே கரண்டு.

வாய்த்தகராறு

வேலை முடிந்ததும் புதுச் சண்டை கிளம்பியது. "தரையை ஒசத்திக் குடுங்க" என்றார் மெக்கானிக். "மழையை நானா பெய்யச் சொன்னேன்? வாடகையை எடு" என்றார் வீட்டுக்காரர்.

சட்டம் என்ன சொல்கிறது? தமிழ்நாட்டில் 2019-ம் ஆண்டு பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகைச் சட்டப்படி, கட்டிடத்தின் கட்டமைப்புப் பழுது வீட்டுக்காரர் பொறுப்பு. சாக்கடை அடைப்பு எடுப்பது வாடகைக்கு இருப்பவர் பொறுப்பு. பள்ளத்தில் கிடக்கும் தரையை உயர்த்துவது பழுதா, புது வேலையா? தகராறே அங்கேதான். ஒப்பந்தத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

எதிர்வீட்டுப் பெரியவர் ஒருவர் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார். செங்கல், சிமெண்டு, மணல் வீட்டுக்காரர் செலவு; ஆள் கூலி மெக்கானிக் செலவு என்று முடிவானது. அதைப் பேப்பரில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

வாசலில் முக்கால் அடி உயரத்துக்குத் தடுப்பு, வண்டி ஏற இருபுறமும் சரிவு. கழிவுக்குழாயில் தண்ணீர் வெளியே மட்டும் போகும் வால்வு. ஸ்விட்ச் போர்டு நெஞ்சளவு உயரத்துக்கு ஏறியது.

முழங்கால் வெள்ளம் வந்தால் முக்கால் அடித் தடுப்பு என்ன செய்யும் என்று கேட்டோம். மெக்கானிக் சிரித்தார்.

"நிக்காதுதான் சார். சாதா மழைக்குத் தாங்கும். பெரிய மழைன்னு ரேடியோவில சொன்னா, முதல் நாளே கஸ்டமருக்குப் போன் போட்டுடுவேன். வண்டியை எடுத்துக்கிட்டுப் போங்கம்பேன். வராதவங்க வண்டியை நானே தள்ளிக்கிட்டுப் போய் மேட்டுல நிறுத்துவேன். என்னை நம்பி விட்டுட்டுப் போன வண்டியாச்சே!"