எத்தனை சஹன் ஆக்குவது?

சென்ற மாதம் கொழும்பில் ஒரு வலீமா விருந்து. சம்மாந்துறையிலிருந்து வந்திருந்த மாமியையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். மாமி என்றால் என் வாப்பாவின் தங்கை. பெண்கள் பகுதியில் ஆறு பேருக்கு ஒரு சஹன். எங்கள் சஹனில் உட்கார்ந்தது நாலு பேர்தான். அதிலும் ஒருவர் சீனி வருத்தக்காரர். இன்னொன்று பத்து வயதுப் பிள்ளை. பொரித்த கோழி தீர்ந்தது, இறைச்சி தீர்ந்தது, சோற்றில் பாதிக்குக் கைபடவில்லை. வட்டிலப்பம் வந்ததும் சஹனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

கை கழுவப் போன மாமி வெகு நேரமாகியும் திரும்பவில்லை. தேடிப் போனேன். மண்டபத்தின் பின்கதவடியில் நின்றுகொண்டிருந்தார். அங்கே பெரிய நீலப் பீப்பாக்கள். இரண்டு பையன்கள் சஹன்களைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பீப்பா நிறைந்து, அடுத்தது பாதி.

"இது எத்தின மூட நெல்லு தெரியுமா புள்ள?" என்று கேட்டார்.

"வீணாகாது மாமி, ஏதாவது பண்ணைக்கு எடுத்திட்டுப் போவாங்க" என்றேன்.

"எந்தப் பண்ணைக்கு?"

பதில் எனக்குத் தெரியும். சொல்ல வாய் வரவில்லை.

மாமி வெள்ளாமைக் குடும்பம். 1949 இல் கல்லோயாத் திட்டம் தொடங்கிச் சேனாநாயக்க சமுத்திரத்து நீர் பாய்ந்த பிறகு, அம்பாறை மாவட்டம் நாட்டுக்குச் சோறு போடும் மாவட்டங்களுள் ஒன்றாயிற்று. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடை செய்யப்பட்டது. நவம்பரில் தடை தளர்ந்தாலும் போதிய பசளை காலத்துக்கு வந்து சேரவில்லை. "ஏக்கருக்கு முப்பத்தஞ்சு மூட வந்த காணி. அந்தப் போகத்தில பதினஞ்சு வரல்ல. கதிரப் பாத்தா புல்லுப் போல இருந்திச்சி" என்பார் மாமி. அவருடைய காப்பு இரண்டும் அந்த வருடம் அடகுக்குப் போனவைதாம். நாடு முழுவதும் அந்தப் பெரும்போகத்தில் நெல் விளைச்சல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. அரிசியில் ஏறத்தாழத் தன்னிறைவு கண்டிருந்த நாடு, 2022 இல் பல இலட்சம் தொன் அரிசியை வெளிநாட்டிலிருந்து வாங்கியது. அதுவும் டொலர் இல்லாத வருடத்தில்.

அந்த வருடத்தை நாம் மறந்துவிட்டோமா சகோதரிகளே? 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாமல் நின்றது. செப்டெம்பரில் கொழும்பு நகரின் உணவுப் பணவீக்கம் ஏறத்தாழ 95 வீதம். அதாவது முந்திய வருடம் 100 ரூபாவுக்கு வாங்கிய சாமானுக்கு 195 ரூபா. பால் மா வரிசையில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற தாய்மார்கள் இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களிலும் இருப்பீர்கள். கஞ்சிக்குத் தேங்காய்ப் பால் குறைந்தது, ஆணத்தில் மீன் துண்டு குறைந்தது. அப்போது எந்த வீட்டிலும் சோறு வாளிக்குள் போகவில்லை.

கப்பலில் வரும் காலைச் சாப்பாடு

தன்னிறைவு என்றதும் நாம் நெல்லைத்தான் நினைக்கிறோம். ஆனால் காலையில் பாணும் பருப்பும், ஒரு கோப்பைப் பால் தேநீரும் வைக்கும் வீட்டைப் பாருங்கள். கோதுமை எமது மண்ணில் விளைவதில்லை. மைசூர்ப் பருப்பு அவுஸ்திரேலியாவிலிருந்தும் கனடாவிலிருந்தும் வருகிறது. பால் மாவில் பெரும்பகுதி நியூசிலாந்தினுடையது. உள்நாட்டுப் பால் எமது தேவையில் பாதியைக்கூட நிரப்புவதில்லை. தேநீருக்குப் போடும் சீனியும் பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு. சம்பலில் இடிக்கும் மாசி மாலைதீவிலிருந்து. தேங்காயும் தேயிலையும் உப்பும்தான் பெரும்பாலும் எமது என்று சொல்லலாம். 2023 டிசம்பரில் இந்தியா பெரிய வெங்காய ஏற்றுமதியை நிறுத்தியதும் எமது சந்தைகளில் விலை எப்படி ஏறியது என்று நினைவிருக்கும். டில்லியில் எடுக்கும் ஒரு முடிவு எங்கள் அடுப்படிக்கு வந்து சேர ஒரு வாரம்கூடத் தேவைப்படவில்லை.

இது புதிய கதையுமல்ல. 1942 இல் பர்மா யப்பானியர் கையில் விழுந்தபோது அங்கிருந்து வந்த அரிசி நின்றது. இலங்கை பங்கீட்டுக்குப் போனது. 1953 இல் ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றப்பட்டபோது நாடு தழுவிய ஹர்த்தால் நடந்தது. பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். 1970 களில் இறக்குமதியை இறுக்கி, உருளைக்கிழங்கு, வெங்காயம், மிளகாய் எல்லாவற்றையும் நாட்டிலேயே விளைவிக்கச் செய்தார்கள். யாழ்ப்பாணத்து விவசாயி கல்வீடு கட்டினார். அதே காலத்தில் வாரத்தில் இரண்டு நாள் கடைகளில் சோறு விற்கக்கூடாது என்ற சட்டமும், விடியற்காலைப் பாண் வரிசையும் இருந்தன. 1977 இல் கதவு திறந்தது. வரிசை போனது, கூடவே அந்த விவசாயிகளின் விலையும் போனது.

ஆகவே எல்லாவற்றையும் நாமே விளைவிக்க வேண்டும், வெளிநாட்டுப் பருப்பைத் தொடக்கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பேச்சு மேடைக்கு நல்லது, பசித்த பிள்ளைக்கு உதவாது. எனக்கு விளங்காதது வேறொன்று. கடன் வாங்கிக் கப்பலில் கொண்டுவந்ததையும், மாமியைப் போன்றவர்கள் காப்பை அடகு வைத்து விளைவித்ததையும், ஒரே பீப்பாவில் கொட்டுகிறோமே, அது எப்படி?

ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டத்தின் 2021 ஆம் ஆண்டு அறிக்கை, இலங்கை வீடுகளில் ஆளொருவருக்கு வருடத்துக்கு 76 கிலோ உணவு வீசப்படுவதாக மதிப்பிட்டது. ஐந்து பேருள்ள வீட்டுக்கு 380 கிலோ. நாளுக்கு ஒரு கிலோவுக்கு மேல். மீன் முள்ளும் பலாச் சடையும் இதில் சேரும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எல்லாப் பழியும் அடுப்படிக்குமல்ல. மரக்கறியிலும் பழத்திலும் 30 முதல் 40 வீதம் வீட்டுக்கு வருமுன்பே, சாக்கில் திணித்து லொறியில் அமுக்கி வருவதால் அழுகிப் போகிறது. 2011 இறுதியில் பிளாஸ்டிக் கூடைகளைக் கட்டாயமாக்கியபோது வியாபாரிகள் எதிர்த்தார்கள், அது நிலைக்கவில்லை. நாம் எறிவது எங்கே போகிறது என்பதை 2017 ஏப்ரல் 14 காட்டியது. அன்று மீதொட்டமுல்லைக் குப்பை மலை சரிந்து 30 க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கொழும்புக் குப்பையில் பாதிக்கு மேல் உக்கக்கூடிய கழிவுதான்.

மாமியின் அடுப்படி

மாமி வீட்டில் அரிசி அளக்க ஒரு பழைய பால் டின், அதாவது சுண்டு, இருக்கிறது. உலையில் போடுமுன் வீட்டில் யார் யார் சாப்பிடுவார்கள் என்று கேட்டுத்தான் அளப்பார். அளந்ததிலிருந்து ஒரு பிடியை எடுத்துப் பானையில் போடுவார். அந்தப் பிடியரிசி மாத முடிவில் பக்கத்து விதவைப் பெண்ணுக்கு. மிஞ்சிய சோற்றில் இரவே தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் எருமைத் தயிரும் வெங்காயமும் போட்டுப் பழஞ்சோறு. என் மகள் முகத்தைச் சுளித்தாள். மூன்றாம் நாள் அவளே கோப்பையோடு வந்து நின்றாள். இடியப்பம் அரிசி மாவில்தான். கோதுமை மா வெள்ளையாக, மெதுவாக இருக்குமென்பதை மாமி மறுப்பதில்லை. "ஆனா எங்கட நெல்ல ஆரு வாங்குற?" என்பார்.

விருந்துச் சோறு வேறு விஷயம். நாலைந்து மணி நேரம் வெக்கையில் கிடந்த சோற்றைப் பொதி கட்டி, ஏழை வீட்டுக்கு அனுப்புவதை நாம் ஸதக்கா என்கிறோம். நம் பிள்ளைக்கு அதைக் கொடுப்போமா? கொடுப்பதானால் பரிமாறத் தொடங்குமுன்பே சட்டியிலிருந்து எடுத்து வைக்க வேண்டும். ஆறு பேர் சேர்ந்த பிறகுதான் சஹன் வர வேண்டும். யூஸுப் நபி (அலை) அவர்கள், செழிப்பான ஏழு வருடங்களில் உண்பதற்குக் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு மிகுதியைக் கதிரோடு விட்டுவைக்கச் சொன்ன வரலாறு நமக்குத் தெரியும். பஞ்சம் வந்த பிறகல்ல, சோறு நிறைய இருந்த காலத்தில் சொன்னது அது.

ஆனால் எத்தனை சஹன் என்று தீர்மானிக்கும் இடத்தில் பெண்களை யார் கேட்கிறார்கள்? இன்ஷா அல்லாஹ் அடுத்த மாதம் என் மகளின் திருமணம். பெண்ணும் ஆணுமாக நானூற்று இருபது பேருக்குச் சொல்லியிருக்கிறோம். ஆறால் வகுத்தால் எழுபது சஹன். வீட்டுக்காரரும் காக்காவும் நூறு என்று நிற்கிறார்கள். "குறைஞ்சு போனா மானம் போயிடும்" என்கிறார் காக்கா. சொன்ன எல்லோரும் வரப்போவதில்லை, எழுபதே தாராளம் என்றேன். மூன்று நாளாக வீட்டில் பேச்சு வார்த்தை சரியில்லை. மாப்பிள்ளை வீட்டார் பாகிஸ்தான் பாஸ்மதிதான் வேண்டுமென்கிறார்கள். அதைப் பேசித் தீர்க்க முடியுமோ தெரியாது.

நேற்று மாமி தொலைபேசியில் அழைத்தார். இந்தப் போகத்துக் கீரிச்சம்பா அவரிடம் இருக்கிறதாம், புரியாணிக்கு நன்றாக வருமாம், தானே அனுப்புகிறாராம். காசு பற்றிப் பேசவே விடவில்லை.

"எத்தின சஹன் எண்டு மட்டும் சரியாச் சொல்லு புள்ள" என்றார்.