மண்ணெடுத்துப் பள்ளி எழுப்பிய மாணவர்

கல்வி கற்பது எதற்காக என்ற கேள்விக்குச் சான்றோர் பல விடைகள் கூறியுள்ளனர். நல்ல வேலை, நல்ல ஊதியம், நல்வாழ்வு ஆகியவற்றை எல்லாப் பெற்றோரும் தம் பிள்ளைகளுக்கு விரும்புகின்றனர். எனினும், ஒருவர் கற்ற கல்வி அவரை வளர்த்த ஊருக்குத் திரும்பி வந்து பயன்படுமானால், அதன் பெருமை பன்மடங்காகிறது. இவ்வுண்மைக்குச் சான்றாக விளங்குபவர், மேற்கு ஆப்பிரிக்காவின் புர்க்கினா பாசோ நாட்டில் பிறந்த கட்டடக் கலைஞர் டியேபேடோ பிரான்சிஸ் கேரே ஆவார்.

கட்டடக் கலைத்துறையின் மிக உயரிய விருதாகக் கருதப்படும் பிரிட்ஸ்கர் பரிசு 2022-ஆம் ஆண்டில் இவருக்கு வழங்கப்பெற்றது. அப்பரிசைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கர் இவரே. ஆனால், இவருடைய பெயரை முதன்முதலில் உலகறியச் செய்த கட்டடம் மூன்றே வகுப்பறைகள் கொண்ட ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கூடம். மண்ணால் ஆன அப்பள்ளியைக் கட்டி முடித்தபோது அவர் பட்டமும் பெறாத பல்கலைக்கழக மாணவராகவே இருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

மடியில் முடிந்திருந்த காசு

தலைநகர் வகடூகுவிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது காண்டோ என்னும் சிற்றூர். 1965-ஆம் ஆண்டில் கேரே அங்குப் பிறந்தபோது ஊரில் மின்சாரம் இல்லை, தூய குடிநீர் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. அவருடைய தந்தை அவ்வூரின் தலைவர். மூத்த மகனான கேரேயை ஏழாம் வயதிலேயே தென்கொடோகோ என்னும் நகரிலிருந்த உறவினர் வீட்டிற்கு அனுப்பிப் படிக்க வைத்தனர். அச்சமூகத்தில் பள்ளிக்குச் சென்ற முதற் குழந்தை அவரே.

அங்கு அவர் கண்ட வகுப்பறை சிமெண்டுக் கற்களால் கட்டப்பட்டது. வெளிச்சமும் காற்றோட்டமும் குறைந்த அவ்வறையில் நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் நெருக்கியடித்துக்கொண்டு அமர்ந்திருந்தனர். வெளியே அடித்த வெயிலைவிட உள்ளே இருந்த புழுக்கம் கொடியது. என்றேனும் ஒரு நாள் இதனினும் நல்ல பள்ளியைக் கட்டவேண்டும் என்ற எண்ணம் அந்த இளம் உள்ளத்தில் அப்பொழுதே வேரூன்றிவிட்டது.

விடுமுறைக்கு ஊர் வந்து திரும்பும்பொழுதெல்லாம் நிகழ்ந்த ஒன்றைக் கேரே பின்னாளில் பொது மேடையில் நெகிழ்ச்சியுடன் எடுத்துரைத்துள்ளார். விடைபெறும் சிறுவனிடம் ஊர்ப் பெண்கள் ஒவ்வொருவரும் தம் ஆடையில் முடிந்து வைத்திருந்த கடைசிக் காசை எடுத்துக் கொடுப்பார்களாம். இவர்களுக்குத் தன்மீது ஏன் இத்தனை அன்பு என்று அவர் தம் அன்னையிடம் கேட்டார். அவன் படித்து முன்னேறி, ஒரு நாள் திரும்பி வந்து ஊரின் வாழ்வை உயர்த்துவான் என்ற நம்பிக்கையில் அவனுடைய படிப்புச் செலவிற்கு அவர்கள் தரும் பங்கு அது என்று அன்னை விளக்கினார்.

வறியவர் மடியிலிருந்து வந்த அக்காசுகளின் மதிப்பு மிகச் சிறியதாக இருக்கலாம். ஆனால், அவற்றை வாங்கிக்கொண்டவர் சுமந்த கடன் சிறியதன்று.

தச்சுத் தொழிலிலிருந்து கட்டடக் கலைக்கு

1985-ஆம் ஆண்டில் தச்சுத் தொழிற்பயிற்சிக்கான உதவிச் சம்பளம் பெற்றுக் கேரே ஜெர்மனிக்குச் சென்றார். பகலில் கூரை வேலையும் மேசை நாற்காலி செய்வதும் கற்றார். இரவில் வகுப்புக்குச் சென்று இடைநிலைக் கல்வியைத் தொடர்ந்தார். பத்தாண்டுகள் கழித்து, 1995-ஆம் ஆண்டில், பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கட்டடக் கலை பயில அவருக்கு வாய்ப்புக் கிட்டியது. அப்போது அவருக்கு வயது 30. மற்றவர்கள் படிப்பை முடித்துத் தொழிலில் நிலைபெறும் வயதில் அவர் முதலாண்டு மாணவரானார்.

பட்டம் பெற்றபின் தொண்டு செய்யலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. 1998-ஆம் ஆண்டில் நண்பர்களின் துணையுடன் காண்டோ பள்ளிக்காக ஒரு சங்கத்தை நிறுவினார். காண்டோவிற்கான பள்ளிக் கட்டுமானக் கற்கள் என்பது அதன் ஜெர்மானியப் பெயரின் பொருள். உடன் பயின்ற மாணவர்களிடம் அவர் கேட்டதும் பெருந்தொகை அன்று. காப்பிக்கும் சிகரெட்டுக்கும் செலவிடுவதில் சிறிது குறைத்து, அதனைப் பள்ளிக்குத் தாருங்கள் என்றே வேண்டினார். சிறுகச் சிறுகச் சேர்ந்த நிதியே மூலதனமாயிற்று. ஊர்ப் பெண்களின் காசில் தொடங்கிய படிப்பு, மாணவர்களின் காசில் பள்ளியாக மாறத் தொடங்கியது.

மண் வேண்டாம் என்ற மக்கள்

நிதி திரட்டுவதைவிடக் கடினமான சோதனை ஊரில் காத்திருந்தது. ஜெர்மனியில் படித்துத் திரும்பியவர் கண்ணாடியும் சிமெண்டும் கொண்ட கட்டடத்தை எழுப்புவார் என்று மக்கள் எதிர்பார்த்தனர். அவரோ களிமண்ணால் கட்டுவோம் என்றார். ஊரார் திகைத்தனர். அவர்களுடைய ஐயம் அறியாமையால் எழுந்ததன்று, அனுபவத்தால் எழுந்தது. அவர்கள் வாழ்ந்த மண் வீடுகளை ஆண்டுதோறும் மழை அரித்தது. ஒவ்வொரு மழைக்காலத்திற்குப் பின்னும் சுவர்களைச் செப்பனிட வேண்டியிருந்தது. அத்தகைய மண்ணில் பள்ளி கட்டினால் எத்தனை நாள் நிற்கும் என்ற கேள்வி நியாயமானதே.

கேரேயின் நிலையை எண்ணிப் பார்க்கவேண்டும். சுவர் கரைந்து விழுந்தால் ஒரு கட்டடம் மட்டும் வீணாகாது. நண்பர்கள் தந்த நிதியும், ஊரார் பல்லாண்டுகளாக அவர்மீது வைத்திருந்த நம்பிக்கையும் அதனோடு சேர்ந்து சரிந்துவிடும். மறுமுறை பள்ளி கட்டுவோம் என்று அழைக்க எவருக்கும் துணிவு வராது.

எனினும், சிமெண்டுக் கட்டடம் அந்நிலத்திற்கு ஏற்றதன்று என்பதை அவர் தம் இளமையிலேயே உடலால் உணர்ந்திருந்தார். கோடையில் 40 பாகையையும் தாண்டும் வெப்பத்தில், குளிர்சாதனமும் மின்விசிறியும் இல்லாத சிமெண்டு அறை அடுப்பாகிவிடும். சிமெண்டு விலை மிகுந்தது. தொலைவிலிருந்து கொண்டுவர வேண்டியது. களிமண்ணோ காலடியில் கிடைப்பது; வெப்பம் விரைவில் உள்ளே புகாமல் தடுப்பது. ஆதலால், விளக்கியும் பேசியும் ஊராரை இணங்கச் செய்தார்.

வெப்பத்தை வென்ற கூரை

கேரே மண்ணைப் பழைய முறையில் அப்படியே பயன்படுத்தவில்லை. களிமண்ணுடன் சிறிதளவு சிமெண்டைக் கலந்து, கையால் இயக்கும் அச்சு இயந்திரத்தில் இட்டு அழுத்திக் கற்களை உருவாக்கினார். அவ்வாறு இறுகிய கல், வெறும் மண்ணைவிட நீரை நன்கு தாங்கும். சிமெண்டை முற்றிலும் ஒதுக்காமல், எங்கு எவ்வளவு தேவையோ அவ்வளவே பயன்படுத்திய சிக்கனம் இதில் விளங்குகிறது.

சுவரை மழையிலிருந்து காக்கும் பொறுப்பைக் கூரையிடம் ஒப்படைத்தார். சுவர்களைத் தாண்டி நெடுந்தூரம் வெளியே நீண்டிருக்கும் தகரக் கூரை அது. தகரக் கூரையின் வெப்பத்தை நம் நாட்டில் தோட்டப்புற லயங்களில் வளர்ந்தவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. நண்பகலில் தகரம் காய்ந்தால் கீழே அமர இயலாது. கேரே அத்தகரத்தை வகுப்பறையின் மேல் நேராகப் பொருத்தவில்லை. முதலில் அறைக்கு மேல் மண் கற்களால் ஓர் உட்கூரை அமைத்து, அதில் இடைவெளிகள் விட்டார். அதற்கு மேலே, இரும்புக் கம்பிகளால் ஆன சட்டங்களின்மீது தகரத்தை உயர்த்தி நிறுத்தினார். இரண்டு கூரைகளுக்கும் இடையே காற்று தாராளமாக ஓடும். அறையில் சூடேறிய காற்று உட்கூரையின் இடைவெளிகள் வழியாக மேலேறி வெளியேற, சாளரங்கள் வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே நுழையும். மின்சாரம் இல்லாமலே வகுப்பறை குளிர்ந்தது.

அக்கூரையின் சட்டங்களும் எளியவையே. பெரிய உத்தரங்களை ஏற்றிவரச் சாலை வசதி இல்லை. தூக்கி நிறுத்தப் பாரந்தூக்கியும் இல்லை. ஆகவே, கட்டுமானத்தில் வழக்கமாகப் பயன்படும் இரும்புக் கம்பிகளை வெட்டி ஒட்டவைத்தே சட்டங்களைச் செய்தனர். கைவாளையும் சிறிய பற்றவைப்புக் கருவியையும் கையாள ஊர் இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுக்கப்பட்டது. வெளியிலிருந்து தொழிலாளர் வந்து கட்டிவிட்டுப் போயிருந்தால் பள்ளி மட்டுமே மிஞ்சியிருக்கும்; இம்முறையால் தொழிலும் ஊரில் தங்கியது.

ஊர் கூடி இழுத்த தேர்

ஊர் கூடித் தேர் இழுத்தால்தான் தேர் நிலைக்கு வரும் என்பது நம் முன்னோர் வழக்கு. நம் நாட்டில் கோத்தோங் ரோயோங் என்று அழைக்கப்படும் கூட்டுப்பணியும் அதுவே. காண்டோவிலும் அவ்வாறே நடந்தது. கடைக்காலுக்குத் தேவையான கற்களைச் சிறுவர்கள் பொறுக்கி வந்தனர். கல் அறுக்கத் தேவையான நீரைப் பெண்கள் சுமந்து வந்தனர். வரைபடத்தைப் படிக்கத் தெரியாத மக்களுக்குக் காகிதத்தால் விளக்க இயலாதென்பதால், செய்து காட்டிச் செய்யவைக்கும் முறையே பின்பற்றப்பட்டது.

தரை அமைத்த விதம் தனிச் சிறப்புடையது. களிமண்ணைப் பரப்பி, பெண்கள் வரிசையாக நின்று திமிசுக் கட்டைகளால் ஒரே தாளத்தில் மணிக்கணக்காக அடித்து இறுக்கினர். பின்னர்க் கற்களைக் கொண்டு தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினர். மண் தரையைத் தட்டி மெழுகிய பாட்டிமாரை நினைவில் வைத்திருக்கும் வாசகர்களுக்கு இக்காட்சி அந்நியமாகத் தோன்றாது. பெண்களின் கையிலிருந்த பழைய திறமையை இகழாமல், அதனைப் பள்ளியின் அங்கமாக்கியதே கேரேயின் நுண்ணறிவு.

2001-ஆம் ஆண்டில் பள்ளி எழுந்து நின்றது. மழை வந்தது, சுவர்கள் கரையவில்லை. ஐயுற்றவர்களே அதனைத் தம் பள்ளி என்று பெருமையுடன் காட்டத் தொடங்கினர்.

கலையும் பயனும் கைகோத்தல்

பயனுள்ள கட்டடம் அழகாக இருக்கத் தேவையில்லை என்று சிலர் கருதுவதுண்டு. ஏழை மக்களுக்குக் கட்டும்போது அவ்வெண்ணம் மேலும் வலுப்பெறுகிறது. கேரே அதனை ஏற்கவில்லை. வறியவருக்கும் அழகு வேண்டும் என்பது அவருடைய கொள்கை.

பள்ளியை விரிவாக்கியபோது மண் கற்களால் வளைவுக் கூரை அமைக்க எண்ணினார். அத்தகைய வளைவைக் கண்டிராத மக்கள் அது தலைமேல் விழும் என்று அஞ்சினர். மாதிரி வளைவு ஒன்றைக் கட்டி, ஆட்களை அதன்மேல் ஏற்றிக் குதிக்கச் செய்தார், வளைவு அசையவில்லை. பல மணி நேரச் சொற்பொழிவு செய்ய முடியாததை அக்குதிப்பு செய்து முடித்தது. 2008-ஆம் ஆண்டில் விரிவாக்கம் நிறைவுற்றது.

நூலகக் கட்டடத்திற்கு அவர் தேடிய பொருள் இன்னும் எளியது. ஊர்ப் பெண்கள் வனையும் மண் பானைகளைக் கொண்டுவரச் செய்து, அவற்றை அறுத்துக் கூரையில் பதித்துச் சுற்றிலும் கான்கிரீட் ஊற்றினர். பானைகள் இருந்த வட்டங்கள் வழியாக ஒளி இறங்குகிறது. வெப்பக் காற்று வெளியேறுகிறது. ஓவியம்போல் தோன்றும் அவ்வட்டங்களின் கீழே நிற்பவர் அவை சமையற்கட்டிலிருந்து வந்தவை என்று எளிதில் எண்ணமாட்டார்.

விளைந்த நன்மைகள்

காண்டோ பள்ளி தொடக்கத்தில் 120 மாணவர்களுக்கு இடமளித்தது. பிற்பாடு அவ்வெண்ணிக்கை 700 ஆக உயர்ந்தது. ஆசிரியர்களுக்கு வீடுகள் கட்டப்பட்டன. அண்டையிலிருந்த இரண்டு ஊர்களும் இதே கூட்டுப்பணி முறையில் தமக்குப் பள்ளிகள் எழுப்பின. காண்டோவில் தொழில் கற்ற இளைஞர்களுக்குப் பிற இடங்களிலும் வேலை கிடைத்தது.

2004-ஆம் ஆண்டில் இப்பள்ளிக்கு ஆகா கான் கட்டடக் கலை விருது வழங்கப்பெற்றது. கேரே பல்கலைக்கழகப் பட்டம் பெற்றதும் அதே ஆண்டில்தான். பட்டச் சான்றிதழும் உலக விருதும் ஒருங்கே கைக்கு வந்த மாணவர்கள் உலகில் மிகச் சிலரே இருப்பர். 2005-ஆம் ஆண்டில் பெர்லினில் சொந்த நிறுவனம் தொடங்கிய அவர், பின்னர்ப் பல நாடுகளில் பணியாற்றினார். 2017-ஆம் ஆண்டில் இலண்டன் செர்பன்டைன் காட்சியகத்தின் கோடைக்கால மண்டபத்தை அவர் வடிவமைத்தபோது, அதற்கு மூலக் கருத்தாகக் கொண்டது காண்டோ மக்கள் நிழலில் கூடிப் பேசும் மரத்தையே. மாநகரின் நடுவிலும் தம் ஊர் மரத்தை அவர் மறக்கவில்லை.

இளையோர் சிந்தனைக்கு

கட்டடக் கலை, ஓவியம், வடிவமைப்பு போன்ற துறைகளைப் பிள்ளைகள் விரும்பும்போது, இவற்றால் என்ன பயன் என்று தயங்கும் பெற்றோர் நம்மிடையே பலர் உள்ளனர். ஒரு கோட்டை எங்கு வரைவது, ஒரு சாளரத்தை எங்கு வைப்பது என்ற அறிவு, நூற்றுக்கணக்கான குழந்தைகள் வியர்த்து வாடாமல் படிக்க வழி செய்யும் என்பதைக் காண்டோ காட்டுகிறது. கலை மனிதர்க்குத் தொண்டாற்றும் வேறு சான்று வேண்டுவதில்லை.

பொதுப்பணியில் ஈடுபடுவோருக்கும் இதில் பாடம் உண்டு. பெரும் புரவலர் ஒருவர் வந்தால்தான் வேலை தொடங்கும் என்று பலரும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கின்றனர். கேரே சிறு காசுகளை மதித்தார். கல் பொறுக்கிய சிறுவனையும் பங்காளியாக்கினார். தன் கையால் தட்டிய தரையை எவரும் பாழாக விடமாட்டார். பணம் கொடுத்து வாங்கிய கட்டடத்தைவிட உழைப்புக் கொடுத்து எழுப்பிய கட்டடத்தை மக்கள் நன்கு பேணுவார்கள் என்பது எல்லா ஊருக்கும் பொருந்தும்.

படிப்பு முடியட்டும், பதவி வரட்டும், பணம் சேரட்டும், பிறகு பார்ப்போம் என்று தள்ளிப்போடும் நற்பணிகள் பெரும்பாலும் நடைபெறுவதில்லை. கற்றுக்கொண்டிருக்கும்போதே கற்றதைக் கொண்டு தொடங்கியவரால்தான் காண்டோவின் பிள்ளைகளுக்குப் பள்ளி கிடைத்தது. நம் இளையோரும் தம் கையிலுள்ள கலையால் தம் ஊருக்கு ஆற்றக்கூடிய பணி எதுவென்று இன்றே எண்ணத் தொடங்குவார்களாக. பெரியோர் அவர்களுக்குத் தோள் கொடுப்பார்களாக.