இராப்பலகையும் செயற்கைக்கோளும்: சோழமண்டலக் கரைச் சிறுபடகுகளின் வழியறிதலும் மாற்று ஏற்பாடும்

ஆய்வுச்சுருக்கம்
சிறுபடகில் கடலுக்குச் செல்வோர் தம் இருப்பிடத்தை அறியக் கையாண்ட மரபுவழி முறைகளையும் இன்றைய மின்னணுக் கருவிகளையும் இக்கட்டுரை ஒப்பிடுகிறது. ஒரு கருவி பழுதுபட்டால் அதற்கு மாற்றாக எது அமைய முடியும் என்பதே இதன் மையக் கேள்வி.

திறவுச்சொற்கள்: இராப்பலகை, கணியம், பாகம், திசைகாட்டி, ஜிபிஎஸ், நாவிக்.

முன்னுரை
கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகியும் மணிமுத்தாறும் வெள்ளாற்றோடு கலந்து பரங்கிப்பேட்டையில் கடலை அடைகின்றன. ஆறு மலையையும் துறையையும் இணைத்தாலும், கடலோடியின் கண்ணுக்கு அம்மலை பயன்படுவதில்லை. அது கரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. கடல்மேல் நிற்கும் ஈரமூட்டம் அதனை மறைத்துவிடும். கன்னியாகுமரிக் கரையின் நிலை வேறு. அங்கே மேற்குத் தொடர்ச்சி மலை கடலுக்கு அருகே நிற்பதால், மலைமுகட்டையும் கரையிலுள்ள ஒரு கோபுரத்தையும் ஒரே கோட்டில் வைத்து, வேறொரு திசையில் அவ்வாறே மற்றொரு கோட்டையும் கண்டு, இரண்டும் வெட்டுமிடத்தைத் தம் மீன்பிடி இடமாக மீனவர் குறித்துக்கொள்வர். இதனைக் கணியம் என்பர். மலையற்ற சோழமண்டலக் கரையில் மனிதர் எழுப்பிய கட்டடங்களே அடையாளங்களாயின. சிதம்பரம் கோயிலின் நான்கு கோபுரங்கள் அத்தகையன. நாகப்பட்டினத்தில் சீனக் கோபுரம் என வழங்கிய பழைய பௌத்தக் கட்டடமும் நெடுங்காலம் கப்பல்களுக்கு வழிகாட்டியது. 1867-இல் அது இடிக்கப்பட்டது. மரபுவழி அடையாளமும் அழியக்கூடியதே என்பதற்கு இது சான்று.

இராப்பலகை
கரை மறைந்தபின் விண்மீன்களே துணை. சிறு பலகை ஒன்றின் நடுவே முடிச்சுகளிட்ட கயிறு கோக்கப்பட்டிருக்கும். கயிற்றைப் பல்லால் கடித்து, பலகையின் கீழ்விளிம்பு தொடுவானத்தையும் மேல்விளிம்பு துருவ விண்மீனையும் தொடுமாறு பிடிப்பர். ஒவ்வொரு முடிச்சும் ஒரு துறைக்குரியது. அரபு மாலுமிகள் கமால் என்றழைத்த கருவியும் இதுவே. இதன் அளவு விரற்கணக்கில் அமைந்தது. அரபு மரபில் ஒரு விரல் ஏறத்தாழ 1 பாகை 36 கலை. சோழமண்டலக் கடலோடிகளின் கருவிகளை 1850-இல் காங்கிரீவ் விவரித்து எழுதினார். பின்னர் புவியியலறிஞர் பி. அருணாசலம் இத்துறையை விரிவாக ஆராய்ந்தார்.

இக்கருவியின் துல்லியத்தைப் பற்றிய புகழ்ச்சி சில நேரங்களில் அளவு கடந்துவிடுகிறது. கடலூரின் அட்சரேகை ஏறத்தாழ 11 பாகை 45 கலை. பரங்கிப்பேட்டை 11 பாகை 30 கலை. இடையிலுள்ள கால் பாகை, கடலில் ஏறத்தாழ 28 கிலோமீட்டர். கண்ணிலிருந்து 60 சென்டிமீட்டர் தொலைவில் பிடித்த பலகையில் ஒரு பாகை ஒரு சென்டிமீட்டர் அளவே. கால் பாகையோ இரண்டரை மில்லிமீட்டர். ஆடும் படகில் அதனைப் பிரித்தறிதல் எளிதன்று. மேலும், 1500-ஆம் ஆண்டளவில் துருவ விண்மீன் உண்மைத் துருவத்திலிருந்து ஏறத்தாழ மூன்றரைப் பாகை விலகியிருந்தது. இன்று அவ்விலகல் ஒரு பாகைக்கும் குறைவு. ஆகவே அது சுற்றில் எந்நிலையில் உள்ளது என்பதையும் மாலுமி அறிந்திருக்க வேண்டியிருந்தது. இராப்பலகை கரையின் ஒரு பகுதிக்குக் கொண்டு சேர்க்கும். துறையை அடையாளங் காட்டியவை ஈயக்குண்டு கட்டிய கயிறும், அது பாகக் கணக்கில் சொன்ன ஆழமும், அடியில் ஒட்டிவந்த மணலும் சேறும், நீவாடு எனப்படும் நீரோட்டத்தைப் பற்றிய பட்டறிவுமே.

(கள்ளக்குறிச்சியும் கடலூரும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில் உள்ளன. எனவே கடலூர் முடிச்சைக் கள்ளக்குறிச்சிக் கல்லூரி மாணவர்களுக்குக் கடலின்றியே செய்துகாட்டலாம்; தொடுவானத்திற்கு ஈடாகக் கிடைமட்டக் கோடு ஒன்று போதும்.)

மின்னணுக் கருவிகள்
ஜிபிஎஸ் 1995-இல் முழுமையாக இயங்கத் தொடங்கியது. பொதுப் பயனருக்குரிய குறிகையில் திட்டமிட்டுப் புகுத்தப்பட்ட பிழையை அமெரிக்கா 2000 மே மாதத்தில் நீக்கிய பின்னர், கையடக்கக் கருவியே சில மீட்டர் துல்லியத்துடன் இடத்தைக் காட்டலாயிற்று. மரபால் இயலாத ஒன்றும் இதனால் கைகூடியது. 1974, 1976 ஒப்பந்தங்களால் வகுக்கப்பட்ட இந்திய இலங்கைக் கடல் எல்லை நீரில் எந்த அடையாளமும் அற்ற கற்பனைக் கோடு. இரவில் அதனை எந்தக் கணியமும் காட்டாது.

எனினும் செயற்கைக்கோள்களும் பழுதுபடும். இந்தியாவின் நாவிக் அமைப்பில் முதற்கோளின் மூன்று அணுக்கடிகாரங்களும் செயலிழந்தன. அதற்கு மாற்றாக 2017-இல் ஏவப்பட்ட கோள் உரிய சுற்றுப்பாதையை அடையவில்லை. 2018-இல்தான் மாற்று நிறைவேறியது. ஆயினும் சிறுபடகில் இதனினும் அடிக்கடி நேரக்கூடியவை உப்புநீர், தீர்ந்த மின்கலம், உடைந்த திரை ஆகியவையே.

மாற்று ஏற்பாடு எது?
கையடக்க ஜிபிஎஸ்ஸுக்கு மாற்றாகக் கைப்பேசியை வைத்திருப்பதாகப் பலர் கருதுகின்றனர். இரண்டும் ஒரே விண்குறிகையை நம்புகின்றன. இரண்டுக்கும் மின்கலம் வேண்டும். ஒரே அலையில் இரண்டும் நனையும். ஆகவே இவை எண்ணிக்கையில் இரண்டாயினும் காப்பில் ஒன்றே. ஒன்று கெடும் காரணத்தால் மற்றொன்று கெடாதிருந்தால் மட்டுமே அது மாற்று எனப்படும். திசைகாட்டி இவ்விலக்கணத்திற்குப் பொருந்தும். தமிழகக் கரையில் காந்த விலக்கம் 2 பாகைக்குள் அடங்குவதால் அதனைப் பொருட்படுத்தாமலே கரை திரும்பலாம். இயந்திரத்தின் இரும்பிலிருந்து தள்ளி வைத்தல் மட்டும் இன்றியமையாதது.

இதன் மறுபக்கத்தை அபிலாஷ் டோமியின் பட்டறிவு காட்டுகிறது. ஜிபிஎஸ்ஸை வழியறியப் பயன்படுத்தக் கூடாது என்னும் விதியுடைய கோல்டன் குளோப் பந்தயத்தில், 2018 செப்டம்பரில் தென் இந்தியப் பெருங்கடலில் அவருடைய படகின் பாய்மரம் முறிந்தது. முதுகில் காயமுற்று அவர் அசைய இயலாதிருந்தார். செயற்கைக்கோள் வழியாகவே அவர் நிலை வெளியுலகிற்குத் தெரிந்தது; பிரெஞ்சுக் கப்பல் ஒன்று அவரை மீட்டது. அங்கே விண்மீன் முதன்மை, மின்னணு மாற்று. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது கைப்பேசி எட்டாத ஆழ்கடலில் இருந்த குமரி மீனவர்க்கு, வழியைவிட எச்சரிக்கையே தேவையாயிற்று. அதன்பின் 2019-இல் ஜெமினி கருவியும், 2024 ஆகஸ்டு முதல் இருவழிச் செய்தி அனுப்பும் ஒரு இலட்சம் கருவிகளைப் படகுகளில் பொருத்தும் திட்டமும் வந்தன.

நடைமுறையில் எளிய வழி ஒன்றுண்டு. துறையை விட்டுப் புறப்படும்போதும், அதன்பின் மணிக்கொருமுறையும், ஜிபிஎஸ் காட்டும் இடம், திசைகாட்டி காட்டும் திசை, நேரம், பாகக் கணக்கில் ஆழம் ஆகிய நான்கையும் நனையாத பலகையில் பென்சிலால் குறித்தல். திரை இருண்டுபோனாலும், இறுதியாகக் குறித்த புள்ளியிலிருந்து எதிர்த்திசையில் படகைத் திருப்பலாம்; ஆழம் குறைந்து வருவதைக் கயிறு சொல்லும்.