ஒப்பந்தக்காரரிடம் உள்ள சாவி

கணிப்பொறியை நிறுவிய கம்பெனியாரே அதன் பாதுகாப்பையும் கவனித்துக்கொள்வர் எனச் சங்க நிர்வாகிகள் சிலர் கருதுவதை ஆய்வுக்குச் செல்லுமிடங்களில் நாம் காண்கிறோம். இக்கருத்து எத்துணைத் தவறானது என்பதற்கு அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலம் சான்றாகும்.

2019 ஆகஸ்டு 16ந் தேதி காலையில் அங்கு 22 உள்ளாட்சி அமைப்புகளின் கணிப்பொறிகள் முடங்கின. கணக்குகளைப் பூட்டிவிட்டு, திறப்பதற்குப் பணம் கேட்கும் 'ரான்சம்வேர்' என்பதே அதற்குக் காரணம். கயவர்கள் 22 கதவுகளை உடைக்கவில்லை. பல ஊர்களின் கணிப்பொறிகளைத் தொலைவிலிருந்தே பராமரித்து வந்த தனியார் ஒப்பந்தக்காரர் ஒருவரின் மென்பொருள் வழியே எல்லாவற்றினுள்ளும் புகுந்தனர். போர்கர் நகரில் பிறப்பு, இறப்புச் சான்றிதழ் வழங்க இயலவில்லை; குடிநீர் முதலிய கட்டணங்களை வாங்கவும் வழியில்லை. (தாமதக் கட்டணம் விதிப்பதில்லை என அந்நகராட்சி அறிவித்தது பாராட்டத்தக்கது.) கேட்கப்பட்ட 25 லட்சம் டாலர் கொடுக்கப்படவில்லை.

அவ்வாண்டே அம்மாநிலச் சட்டம், கணிப்பொறியைக் கையாளும் உள்ளாட்சி ஊழியர்க்கும் மாநில இலாகாக்களின் ஒப்பந்தக்காரர்க்கும் பாதுகாப்புப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. தாக்குதலை 48 மணி நேரத்திற்குள் உள்ளாட்சிகள் தெரிவிக்க வேண்டுமென 2023ம் ஆண்டுச் சட்டம் விதித்தது.

இஃது அயல்நாட்டுச் செய்தியன்றோ எனலாம். 2024 ஜூலை இறுதியில், நம் நாட்டுக் கூட்டுறவு வங்கிகளுக்கும் கிராம வங்கிகளுக்கும் சேவையளிக்கும் கம்பெனியொன்று இவ்வாறே தாக்கப்பட்டது. அவ்வங்கிகளின் வாடிக்கையாளர்க்கு யு.பி.ஐ. முதலிய வழிகள் தற்காலிகமாக அடைபட்டன. தவறு வங்கியுடையதன்று, இடர்ப்பட்டவர் அங்கத்தினரே.

நம் நாட்டு விதி டெக்ஸாஸினும் கடுமையானது. 'செர்ட்-இன்' என்னும் மத்திய நிறுவனம் 2022 ஏப்ரல் 28ந் தேதி பிறப்பித்த உத்தரவின்படி, அரசு அமைப்புகளும் ஏனைய நிறுவனங்களும் தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்திற்குள் தெரிவித்தல் வேண்டும். யார், எப்பொழுது கணிப்பொறியில் நுழைந்தார் என்னும் பதிவேடுகளை 180 நாட்கள் காத்தலும் வேண்டும். இங்கேதான் சிக்கல். அப்பதிவேடு பெரும்பாலும் ஒப்பந்தக்காரரிடம் இருக்கிறது. தாக்குதலை முதலில் அறிபவரும் அவரே. அவர் இரண்டு நாள் வாளாவிருந்தால் நிர்வாகிகள் விதியைக் காப்பது எங்ஙனம்?

ஆதலின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்குமுன் அதனை ஒரு முறை படித்துப் பார்க்குமாறு நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம். தாக்குதலை எத்தனை மணி நேரத்திற்குள் சங்கத்திற்கு அறிவிப்பார், பதிவேட்டைக் கேட்டவுடன் தருவாரா, தொலைவிலிருந்து நுழையக் கடவுச்சொல்லோடு இரண்டாவது சோதனையும் உண்டா, கணக்கின் மாற்றுப்பிரதி வலையமைப்போடு இணையாத இடத்தில் உள்ளதா என்பன அதில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். நாம் பார்த்த ஒப்பந்தங்கள் பலவற்றில் விலையும் தவணையுமே உள்ளன.