முக்தியில் திறந்திருந்த வாசல்



சென்னையிலிருந்து மும்பைக்கு இரயிலேறிப் பிழைப்புத் தேடி வந்த நம்மில் அநேகர், ஒரு பெரிய சாட்சியின் வாசலை அறியாமலே கடந்து வந்திருக்கிறோம். சோலாப்பூரைத் தாண்டி, தவுண்டு சந்திப்பையும் விட்டபின், பூனா வருமுன்னே கேட்காவ் என்றொரு சிறிய நிலையம் உண்டு. வண்டி வேகமாய்ப் போகும். நாமும் பெட்டிகளை எண்ணிப் பார்ப்பதில் மும்முரமாயிருப்போம். பண்டித ரமாபாய் அம்மையார் நிறுவிய முக்தி மிஷன் இன்றும் அந்த ஊரில்தான் இருக்கிறது. வேதாகமக் கல்லூரியில் சபைச் சரித்திரம் படித்த நாள்முதல் இதை நான் அறிவேன். ஆயினும் அங்கே இறங்கிப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது, ஊழியத்தில் ஒரு தவறு செய்து மனம் நொந்த பிறகுதான். அந்தத் தவறைப் பின்னர் சொல்லுகிறேன்.

முக்தி என்றவுடன் நம்முடைய மேடைகளில் 1905-ஆம் ஆண்டின் எழுப்புதலையே பேசுகிறோம். பேசத்தக்கதுதான். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து அசூசா தெருக் கூட்டங்கள் 1906-இல் துவங்குமுன்பே, கேட்காவில் பெண்பிள்ளைகள் பாவ உணர்வடைந்து கண்ணீரோடு ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே உடன் ஊழியராயிருந்த மின்னி ஏப்ராம்ஸ் என்ற அமெரிக்க மிஷனெரி அதைக்குறித்து 1906-இல் எழுதிய சிறு நூல், தென் அமெரிக்காவின் சிலி தேசம்வரை சென்று, 1909-இல் அங்குண்டான எழுப்புதலுக்கும் ஏதுவாயிற்று. இதையெல்லாம் ஆர்வத்தோடு கேட்கிறோம். ஆனால் அந்த அக்கினி யார்மேல் இறங்கிற்று, அவர்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்று கேட்பவர்கள் குறைவு.

ரமாபாய் 1858-இல் பிறந்தார். தந்தை அனந்த சாஸ்திரி சமஸ்கிருத பண்டிதர்; ஊராரின் எதிர்ப்பையும் பொருட்படுத்தாமல் மனைவிக்கும் மகளுக்கும் அம்மொழியைக் கற்பித்தவர். 1870-களில் சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சத்தில் அக்குடும்பம் சிதைந்துபோயிற்று. தகப்பனும் தாயும் மூத்த சகோதரியும் ஒருவர்பின் ஒருவராக மரித்தனர். எஞ்சிய அண்ணனும் தங்கையும் ஊர் ஊராய் நடந்து 1878-இல் கல்கத்தாவை அடைந்தார்கள். அங்குள்ள அறிஞர்கள் அவருக்குப் பண்டிதை என்றும் சரஸ்வதி என்றும் பட்டமளித்தனர். 1880-இல் அண்ணனும் மரித்தார். அவ்வாண்டே ஒரு வங்காள வழக்கறிஞரை மணந்தார். 1882-இல் காலரா அவரையும் கொண்டுபோயிற்று. கையில் குழந்தை மனோரமா. வயது இருபத்து நான்கைத் தொடவில்லை.

1883-இல் அவர் இங்கிலாந்துக்குச் சென்று, வாண்டேஜ் என்னும் ஊரில் கன்னியர் மடத்துச் சகோதரிகளோடு தங்கினார். அவர்கள் அவரை இலண்டனிலுள்ள ஃபுல்ஹாமுக்கு அனுப்பினார்கள். வழிதவறிப்போனவர்கள் என்று உலகம் ஒதுக்கிவைத்த பெண்களை அன்போடு பராமரிக்கும் இல்லம் அங்கிருந்தது. பண்டிதைக்கு அது புதுமையாயிருந்தது. இப்படிப்பட்டவர்களைத் தேடிப்போய்த் தாங்கும்படி உங்களை ஏவுவது எது என்று தமக்குப் போதித்த சகோதரியிடம் கேட்டார். அந்தச் சகோதரி தர்க்கம் பண்ணவில்லை. யோவான் 4-ஆம் அதிகாரத்தைத் திறந்து, கிணற்றண்டையில் இயேசு சமாரியப் பெண்ணோடு பேசிய சம்பவத்தை வாசித்துக் காட்டினார். தம் இருதயம் கிறிஸ்துவினிடம் திரும்பிய நேரம் அதுவே என்று பிற்காலத்தில் தம் சாட்சியில் ரமாபாய் எழுதியிருக்கிறார். 1883-ஆம் ஆண்டின் கடைசிப் பகுதியில் மகளோடு ஞானஸ்நானம் பெற்றார்.

இவ்விடத்தில் நாம் சற்று நிதானிக்கவேண்டும். ஞானஸ்நானம் பெற்ற ஏறக்குறைய எட்டு ஆண்டுகளுக்குப்பின், தாம் கிறிஸ்தவ மார்க்கத்தைக் கண்டடைந்தும் கிறிஸ்துவைக் கண்டடையவில்லை என்று உணர்ந்ததாக அவரே அறிக்கையிடுகிறார். நினைத்துப் பாருங்கள்: அதற்குள் புத்தகம் எழுதிவிட்டார், அமெரிக்காவில் சொற்பொழிவாற்றிவிட்டார், 1889-இல் மும்பையில் விதவைகளுக்காகச் சாரதா சதனையும் திறந்துவிட்டார். ஊழியம் நடந்துகொண்டிருந்தது, உள்ளமோ வறண்டிருந்தது. என்னைப்போன்ற போதகர்கள் இந்தப் பகுதியை வாசிக்கும்போது தலைகுனியாமல் இருக்கமுடியாது.

1896-97-இல் மத்திய மாகாணங்களில் பஞ்சம் உண்டானது. தாமே பட்டினியில் நடந்த நாட்களை மறவாத ரமாபாய் அங்கே போய், திக்கற்ற பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர்களுக்காகக் கேட்காவில் உண்டானதே முக்தி. 1900-இல் குஜராத் பஞ்சத்திலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள்; வீட்டாரின் தொகை ஏறத்தாழ 2000-ஐ எட்டியது. வாழ்க்கையில் கெடுக்கப்பட்டவர்களுக்கென்று கிருபா சதன் என்ற தனி இல்லம் அமைத்தார். கண் தெரியாதவர்கள் பிரெய்ல் கற்றார்கள். ஒருத்தி நெசவு, ஒருத்தி விவசாயம், ஒருத்தி மாட்டுத் தொழுவம், ஒருத்தி அச்சகம். ஜெபம் முடிந்தவுடன் வேலைக்குப் போனார்கள். வேலை முடிந்து எழுத்துப் படித்தார்கள். தம் வாழ்நாளின் பிற்பகுதியில் ரமாபாய் வேதாகமம் முழுவதையும் எளிய மராத்தியில் மொழிபெயர்த்தார். அதற்கு எழுத்துக் கோத்து அச்சிட்டவர்கள் அந்தப் பெண்களே. 1921-இல் மகள் மனோரமா தாய்க்கு முந்திக்கொண்டார். 1922 ஏப்ரல் 5-இல் தாயும் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

நம்முடைய சபைகளில் புதுச்சிருஷ்டி என்று சாட்சி சொன்னவுடன் அல்லேலூயா முழங்குகிறது. கூட்டம் கலைந்தபின் அந்தப் புதுச்சிருஷ்டி எந்த வீட்டுக்குப் போய்ப் படுக்கும், நாளைக் காலையில் எதைக்கொண்டு அடுப்பு மூட்டும்? ரமாபாய் இதைக் கேட்டார். நான் கேட்கவில்லை.

சுமார் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், மும்பையின் புறநகரில் நான் நடத்திவந்த சபைக்கு ஒரு சகோதரி வந்தார். வீட்டுவேலை என்று சொல்லித் தென்மாவட்டத்திலிருந்து சிறுவயதில் அழைத்து வரப்பட்டு, விற்கப்பட்டவர். பல ஆண்டுகளுக்குப்பின் தப்பி வந்தார். என்னிடமும் என் மனைவியிடமும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். மனந்திரும்பி ஞானஸ்நானம் பெற்றார். நல்ல குரல், பாடற்குழுவில் சேர்த்தோம். ஏறக்குறைய இரண்டு வருஷம் சந்தோஷமாய்ப் போயிற்று.

ஒருநாள் ஊரிலிருந்து வந்த ஒருவர் அவரை அடையாளம் கண்டுகொண்டார். பேச்சு அடுத்த ஞாயிற்றுக்குள் சபை முழுவதும் பரவிற்று. மூத்த விசுவாசி ஒருவர் மனைவியோடு வந்து, “ஐயா, எங்கள் வீட்டில் கல்யாண வயதில் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களோடு அந்த அம்மா நின்று பாடினால் நாளைக்கு நாலுபேர் என்ன சொல்லுவார்கள்?” என்றார். அவரைக் கடிந்துகொள்ள எனக்கு வேத ஆதாரம் தெரியாமலில்லை. சபையின் சமாதானம் என்று எனக்கு நானே ஒரு பெயர் சூட்டிக்கொண்டேன். “அம்மா, கொஞ்ச நாள் பின்வரிசையில் உட்காருங்கள், பேச்சு அடங்கட்டும்” என்றேன். “சரிங்க ஐயா” என்று மாத்திரம் சொன்னார். இரண்டு ஞாயிறு பின்வரிசையில் உட்கார்ந்தார். மூன்றாம் ஞாயிறு வரவில்லை. நான் தேடிப்போகவும் இல்லை.

சமாரியப் பெண்ணைக்குறித்து எத்தனையோ முறை பிரசங்கித்தவன் நான். ஆண்டவர் அவளிடம் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டார். அவளுடைய வார்த்தையைக் கேட்டு ஓர் ஊரே அவரிடம் வந்தது. நானோ பாடற்குழுவில் நிற்க ஓரிடத்தை எடுத்துப்போட்டேன். இந்தப் பாரம் தாங்காமல்தான் ஒரு திங்கட்கிழமை பூனாவிலிருந்து வண்டியேறிக் கேட்காவில் இறங்கினேன். அங்குள்ள ஆலயத்தில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். எழுப்புதலைக் கேட்டு ஜெபிக்க வாய் வரவில்லை.

திரும்பி வந்து நானும் என் மனைவியும் விசாரிக்கத் துவங்கினோம். அநேக மாதங்களுக்குப்பின் உல்லாஸ்நகரில் ஒற்றை அறை வீட்டில் அவரைக் கண்டோம். துணி தைத்துப் பிழைக்கிறார். அருகிலுள்ள இந்தி சபைக்குப் போகிறார். நான் மன்னிப்புக் கேட்டேன். சபையின் முன்பாகவும் என் தவறைச் சொல்லுவேன் என்றேன். சொன்னேன், அதனால் இரண்டு குடும்பங்கள் சபையைவிட்டுப் போனார்கள். அவர் அழவுமில்லை, கோபிக்கவுமில்லை. “உங்களுக்காக ஜெபம் பண்ணாத நாள் இல்லை ஐயா. ஆனால் அங்கே திரும்பி வரக் கூப்பிடாதீர்கள்” என்றார். நான் கூப்பிடவில்லை.

அந்த அறையில் இரண்டு தையல் இயந்திரங்கள் இருந்தன. ஒன்றில் பதினெட்டு வயது மதிக்கத்தக்க ஒரு பெண் குனிந்து ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். மீட்பு இல்லத்திலிருந்து வந்தவள். அவருடைய சபையார் மூலமாய் வேலை பழகுகிறாள். யார், எந்த ஊர் என்று என் மனைவி கேட்கத் துவங்கினார். சகோதரி மெதுவாய்க் குறுக்கிட்டு, “அம்மா, அவள் என் தங்கச்சி” என்று சொல்லி, எங்களுக்குத் தேநீர் கொண்டுவரும்படி அவளை அனுப்பினார்.