கரை தாண்டும் உரிமை

அத்தியாயம் 14

ஆற்று மீனுக்கு எமன் வறட்சி என்பது பொதுவான நினைப்பு. ஓடை வற்றினால் மீன் சாகும், அதில் சந்தேகமில்லை. ஆனால் கலிபோர்னியாவில் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, மாரின் மாவட்டத்தில் ஓடும் லகுனிடாஸ் ஓடையில் கோஹோ சால்மன் குஞ்சுகளைக் காவு வாங்குவது கோடை மட்டுமல்ல. நல்ல மழையும் வாங்குகிறது. அணைகள் வலசைப் பாதையை அடைப்பதைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் அதற்கு அடுத்த படிக்குப் போவோம். பாதை திறந்திருந்தாலும், தண்ணீர் குறைவில்லாமல் ஓடினாலும், வெள்ளம் கரை தாண்டிப் பரவ இடமில்லாத ஓடையில் இந்த மீன் தழைக்காது. எனவே ஓடையை மீட்பது என்றால் அதன் வெள்ளப்படுகையையும் சேர்த்து மீட்பதுதான். ஒன்றை விட்டு மற்றொன்றுக்குச் செலவழிப்பது பாதி வேலை.

கோஹோவின் வாழ்க்கை மூன்றாண்டுக் கணக்கு. குளிர்கால மழையில் ஓடை பெருகியதும், பசிபிக் கடலில் வளர்ந்த மீன் டொமாலிஸ் விரிகுடா வழியாகத் தான் பிறந்த நீருக்கே ஏறி வருகிறது. பெண் மீன் ஒருக்களித்துப் படுத்து, வாலால் கூழாங்கற்களை அடித்தடித்துக் குழி பறிக்கிறது. முட்டையிட்டதும் சற்று மேலே நகர்ந்து மறுபடி பறிக்க, அங்கிருந்து புரளும் கற்கள் நீரோட்டத்தில் வந்து முதல் குழியை மூடிக்கொள்கின்றன. வேலை முடிந்ததும் தாயும் தந்தையும் அங்கேயே மடிகின்றன. வசந்தத்தில் வெளிவரும் குஞ்சு உடனே கடலுக்குப் போவதில்லை. ஒரு கோடையையும் அடுத்து வரும் மழைக்காலத்தையும் ஓடையிலேயே கழித்தாக வேண்டும். அந்த மழைக்காலத்தில் அதன் நீளம் நம் விரலளவுதான். கரைக்குள் அடைபட்டுச் சீறும் வெள்ளத்தை எதிர்த்து நிற்க அதற்குச் சக்தியில்லை. ஒதுங்க இடமில்லையென்றால் உரிய காலத்துக்கு முன்பே அடித்துச் செல்லப்படும். அநேகமாக எல்லாப் பெண் மீன்களும் மூன்றாம் ஆண்டில் திரும்புவதால், ஒரு பொல்லாத மழைக்காலத்தின் நஷ்டம் மூன்றாண்டு கழித்து அதே தலைமுறையின் தலையில் விடிகிறது. அதை ஈடுகட்ட அண்ணன், தம்பி தலைமுறைகள் வருவது அபூர்வம்.

ஒதுங்கும் இடம் எங்கே போனது? இந்தக் கரையில் 1856இல் சாமுவேல் டெய்லர் பசிபிக் கடலோரத்தின் முதல் காகித ஆலையை நிறுவினார். 1875இல் ஓடையை ஒட்டியே ரயில் பாதை வந்தது. பின்னர் தார்ச்சாலை வந்தது. பாதை போடவும் வீடு கட்டவும் சமதளம் தேவைப்பட்டது. மலைப் பள்ளத்தாக்கில் சமதளம் என்று இருந்ததெல்லாம் வெள்ளம் பரவும் படுகைதான். அதில் மண் கொட்டி மேடாக்கினார்கள். மேலே ஒன்றன்பின் ஒன்றாக எழுந்த அணைகளில் பெரியது, 1950களில் கட்டப்பட்ட பீட்டர்ஸ் அணை. முட்டையிடும் நீர்வழியில் ஏறக்குறைய பாதி அணைகளுக்குப் பின்னால் போய்விட்டது. அணை கூழாங்கல்லையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. கல் கிடைக்காத நீர் தன் படுகையையே அரிக்கிறது. கலிபோர்னியாவில் தூண்டிலில் சிக்கிய கோஹோக்களிலேயே பெரியது, 22 பவுண்டு எடையுள்ளது, 1959இல் இந்த ஓடையில்தான் கிடைத்தது. மாநிலம் முழுவதும் 1940களில் லட்சக்கணக்கில் முட்டையிட வந்த கோஹோ, 1990களின் தொடக்கத்தில் சில ஆயிரமாகச் சுருங்கியது. மத்திய கலிபோர்னியக் கடலோரக் கோஹோவை அமெரிக்க அரசு 1996இல் ஆபத்தை நெருங்கும் இனமாகவும், 2005இல் அழிவின் விளிம்பில் உள்ள இனமாகவும் அறிவித்தது.

வெள்ளப்படுகைதான் தீர்வின் மையம் என்பதற்கு ஆதாரம் உண்டு. லகுனிடாஸில் 2008இல் முடிந்த ஆய்வு, கோஹோவின் எண்ணிக்கையைக் கட்டிப்போடும் காரணிகளை ஆராய்ந்து, மழைக்காலப் புகலிடப் பற்றாக்குறையைச் சுட்டியது. ஓரிகன் ஆய்வாளர்களும் தங்கள் கடலோர ஓடைகளில் இதே முடிவுக்குத்தான் வந்திருந்தார்கள். சாக்ரமெண்டோ நதியின் யோலோ வெள்ள வடிகாலில் டெட் சாமர் குழுவினர் 2001இல் வெளியிட்ட ஆய்வு, வெள்ளம் பரவிய வயல்வெளியில் தங்கிய சினூக் சால்மன் குஞ்சுகள் ஆற்றில் இருந்தவற்றைவிட வேகமாக வளர்ந்ததைக் காட்டியது. ஆழம் குறைந்து தேங்கிய நீர் சூடேறுகிறது, பூச்சிகள் பெருகுகின்றன, நீரோட்டத்தோடு மல்லுக்கட்டாத குஞ்சு தின்றதெல்லாம் உடம்பில் ஒட்டுகிறது. பெருத்த குஞ்சு கடலில் பிழைக்கும் வாய்ப்பும் அதிகம். ஓரிகனின் பிரிட்ஜ் ஓடையில், நீர்நாய் போலத் தோன்றும் பீவர்கள் கட்டும் அணைகளைப் பார்த்து, கம்புகளை அடித்து, வில்லோ மிளாறுகளைப் பின்னி நூற்றுக்கும் மேற்பட்ட சிறு தடுப்புகள் அமைத்தார்கள். அரித்துத் தாழ்ந்திருந்த ஓடை மேலெழுந்து பழைய படுகையைத் தொட்டது. எதுவும் செய்யாத ஓடையோடு ஒப்பிட்டபோது, சால்மனுக்கு உறவான ஸ்டீல்ஹெட் மீன் குஞ்சுகளின் பிழைப்பு விகிதம் 52 சதவீதம் கூடியிருந்தது என்று 2016இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது.

லகுனிடாஸிலும் வேலை நடந்தது. டொகலோமா, ஜுவல் என்ற கைவிடப்பட்ட குடியிருப்புகள் தேசியப் பூங்கா நிலத்தில் ஓடைக்கரையிலேயே பாழடைந்து கிடந்தன. ஸ்பான் என்ற சால்மன் பாதுகாப்பு அமைப்பு 2018, 2019 கோடைகளில் அந்தக் கட்டடங்களை இடித்து, கொட்டிய மண்ணை அள்ளி, பக்கவாய்க்கால்களைத் தோண்டியது. வேரோடு கூடிய முழு மரங்களைக் கரையில் பதித்தார்கள். வெள்ளம் மோதும்போது அந்த வேர்க்கட்டைக்குப் பின்னால் நீர் சுழன்று தணிகிறது, குஞ்சுக்கு அந்தக் கையகல அமைதி போதும்.

இதற்கு எதிரான வாதங்களில் வலுவானது அணை பற்றியது. பாதி வீட்டை அணை அடைத்திருக்கும்போது மீதிப் பாதிக்கு வெள்ளையடித்து என்ன பயன் என்று கேட்கலாம். பீட்டர்ஸ் அணையின் கென்ட் ஏரி உட்பட அந்த நீர்த்தேக்கங்களை நம்பி ஏறக்குறைய 1,90,000 பேர் இருக்கிறார்கள். அவற்றை அகற்றுவது இன்றைக்கு நடக்கிற காரியமல்ல. 1995இல் மாநில நீர்வள வாரியம் மீனுக்காகக் குறைந்தபட்ச நீர் திறந்துவிட வேண்டுமென உத்தரவிட்டதால் கோடைப் பிரச்சினை ஓரளவு தணிந்தது. குழாயைத் திறந்து தீர்க்க முடியாதது மழைக்காலப் பிரச்சினை. அதற்கு நிலம்தான் வேண்டும். குஞ்சு பொரிப்பகம் போதாதா என்பது அடுத்த கேள்வி. அண்டையிலுள்ள ரஷ்யன் நதியில், 2001இல் தொடங்கிய திட்டத்தின்படி கோஹோவைப் பொரிப்பகத்தில் வளர்த்து விடுகிறார்கள். அந்தப் பொரிப்பகம் இருக்கும் டிரை ஓடையிலேயே 6 மைல் நீளத்துக்குப் பக்கவாய்க்கால்களும் தேங்குநீர் ஒதுக்கங்களும் அமைக்க 2008இல் கூட்டாட்சி மீன்வளத் துறை நிபந்தனை விதிக்க நேர்ந்தது. பொரிப்பகம் குஞ்சைத் தரும், குடியிருக்க இடம் தராது.

கரையோர மக்களின் அச்சம் வேறு வகை: வெள்ளத்தை வரவேற்றால் வீட்டுக்குள் வராதா? யாரும் குடியிருக்கும் தெருவுக்குள் வெள்ளத்தைத் திறந்துவிடச் சொல்லவில்லை. ஆளில்லாத படுகையில் நீர் பரவித் தங்கினால் கீழே பாயும் வேகம் குறையும். ஆனால் அதற்கு இடத்தேர்வையும் நீரோட்டக் கணக்கையும் முன்கூட்டியே சரிபார்ப்பது கட்டாயம். நிலத்தின் மற்ற பயன் பறிபோகிறதே என்ற மனக்குறையும் நியாயமானதே. கிளை ஓடையான சான் ஜெரோனிமோவின் கோல்ஃப் மைதானத்தை 2018இல் ஒரு நிலப் பாதுகாப்பு அறக்கட்டளை வாங்கியபோது உள்ளூரில் பெரும் சச்சரவு. வாக்கெடுப்பு இல்லாமல் மைதானத்தை வேறு பயனுக்கு மாற்றக் கூடாது என்ற தீர்மானம் 2020 மார்ச்சில் மாவட்ட வாக்காளர்கள் முன் வந்து தோற்றது. அதே ஆண்டில் அங்கிருந்த பழைய தடுப்பணையும் அகற்றப்பட்டது. கேட்டு, விவாதித்து, வாக்களித்து நிலத்தைப் பெற முடியும் என்பதற்கு அது சான்று.

இவ்வளவும் செய்தும் வெற்றி கைக்கெட்டிவிடவில்லை. லகுனிடாஸுக்கு 2012இன் மீட்புத் திட்டம் வைத்த இலக்கு ஆண்டுக்கு 1,300 முட்டைக்குழிகள். பெரும்பாலான ஆண்டுகளில் சில நூறுதான் தென்படுகின்றன. கடலின் நிலை, வறட்சி இரண்டும் மனிதன் வகுத்த அட்டவணைக்குக் கட்டுப்படுவதில்லை. அதற்காகத் திட்டம் தோற்றது என்று சொல்வது அவசரம். ஒரு மைல் படுகையை மீட்டுவிட்டு முழு ஓடையின் பலனைக் கேட்க முடியாது. இனி எந்த ஊரில் ஓடை மீட்புத் திட்டம் என்று அறிவித்தாலும், எத்தனை மீட்டர் தூர்வாருகிறீர்கள், எவ்வளவு உயரத்துக்குக் கரை கட்டுகிறீர்கள் என்று கேட்பதற்கு முன்னால், கரைக்கு அப்பால் எவ்வளவு நிலத்தை ஓடைக்கு விடுகிறீர்கள் என்று கேளுங்கள். அதற்குப் பதில் இல்லாத திட்டம் வாய்க்கால் வேலைதான், மீட்பு அல்ல.

(தொடரும்)