பொம்மைக்காக ஒரு சாப்பாடு

என் தம்பிக்கு ஏழு வயது. சென்ற விடுமுறையில் துரித உணவுக் கடையொன்றுக்குப் போனோம். விளையாட்டுக் கார் உள்ள பெட்டிதான் வேண்டுமென்று அடம்பிடித்தான். வாப்பா வாங்கிக் கொடுத்தார். கோழியில் பாதி மேசையிலேயே கிடந்தது. கார் மட்டும் பத்திரமாக வீட்டுக்கு வந்தது. அவன் கேட்டது சாப்பாட்டையல்ல என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

சின்னப் பிள்ளைகளுக்குக் கார்ட்டூனையும் விளம்பரத்தையும் பிரித்தறியத் தெரியாது. விற்பதற்காகத்தான் இதைச் சொல்கிறார்கள் என்பதும் புரியாது. அதனால் விளம்பரம் பணம் கொடுக்கும் பெற்றோரை விட்டுவிட்டு, அழுது கேட்கும் பிள்ளையோடு பேசுகிறது. இதை உணர்ந்தே கனடாவின் கியூபெக் மாகாணம் 13 வயதுக்குக் குறைந்தோரை இலக்காகக் கொண்ட வர்த்தக விளம்பரங்களை 1980இல் தடை செய்தது. சிலி நாட்டில் 2016இல் நடைமுறைக்கு வந்த சட்டம், சீனி, உப்பு, கொழுப்பு மிகுந்த உணவுகளோடு விளையாட்டுப் பொருள் கொடுப்பதைத் தடுத்தது.

நம் நாட்டிலும் ஒரு வழி உண்டு. 2016 ஓகஸ்ட் முதல் இனிப்புப் பானங்களில் வண்ணக் குறியீடு இடப்பட்டது. 100 மில்லிலீற்றரில் சீனி 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு, 2 முதல் 11 கிராம் வரை செம்மஞ்சள், 2 கிராமுக்குக் குறைவென்றால் பச்சை. சிவப்புக் குறியுள்ள 200 மில்லிலீற்றர் பானத்தில் 22 கிராமுக்கும் அதிகமான சீனி இருக்கும். அது ஐந்து தேக்கரண்டிக்கு மேல். பிள்ளையின் தேநீரில் ஐந்து கரண்டி சீனி போடும் உம்மா எங்காவது உண்டா?

பக்கெட்டைத் திருப்பித் திருப்பி ஹலால் முத்திரையைத் தேடுவது எங்கள் வீட்டு வழக்கம். அதே பக்கெட்டிலுள்ள வண்ண வட்டத்தை நாங்கள் பார்த்ததேயில்லை. பெற்றோரை மட்டும் குறைசொல்ல எனக்கும் தகுதியில்லை. பரீட்சைக்குப் படிக்க வேண்டுமென்று, தம்பி தொல்லை தராமலிருக்கக் கைத்தொலைபேசியை அவன் கையில் கொடுத்தவள் நானே. விளம்பரங்களை அவன் பார்த்தது அதில்தான்.

இப்போது கடைக்குப் போனால் வட்டத்தைத் தேடும் வேலை தம்பிக்கு. சிவப்பென்றால் பெருநாளைக்கு மட்டும் என்பது வீட்டில் எல்லோரும் பேசி வைத்த கணக்கு. சில நாள் அழுகிறான். வாப்பாவுக்கும் மனம் இளகிவிடுகிறது. ஆனாலும் விளம்பரம் பிள்ளையிடம் ஓயாமல் பேசும்போது, வீட்டிலுள்ள நாம் பேசாமலிருப்பது எப்படி?